பிளிட்விட்சே ஏரிகளை வழிகாட்டியோடு பார்ப்பது எப்படி: புதுச்சேரி, கடலூர்ப் பயணிகளுக்கு

பாரிசில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கோ, பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற சொல்தா பெரியப்பாவின் பிள்ளைகள் வீட்டுக்கோ போகும் புதுச்சேரிக் குடும்பங்கள், ஈபிள் கோபுரம், லூர்து மாதா கோயில், முடிந்தால் சுவிட்சர்லாந்து என்று பார்த்துவிட்டு ஊர் திரும்புவதே வெகுகாலம் வழக்கமாக இருந்தது. 2023 ஜனவரி 1 அன்று குரோவாசியா ஷெங்கன் நாடுகளின் வரிசையில் சேர்ந்ததோடு யூரோவையும் தன் நாணயமாக ஏற்றுக்கொண்டதால், பிரான்சுக்குப் பெற்ற அதே விசாவில், பாரிசிலிருந்து சுமார் இரண்டு மணி நேர விமானப் பயணத்தில் அந்நாட்டுக்குப் போய்வருவது எளிதாகிவிட்டது. அங்கே போகிறவர்கள் தவறாமல் கேள்விப்படும் பெயர் பிளிட்விட்சே ஏரிகள் தேசியப் பூங்கா. சென்னையிலிருந்து புறப்படும் ‘பால்கன் டூர்’ என்னும் தென்கிழக்கு ஐரோப்பியச் சுற்றுலாப் பேக்கேஜ்களிலும் இந்தப் பெயர் இடம்பெறுகிறது.

இந்தப் பூங்காவை வழிகாட்டியோடு பார்ப்பது நல்லதுதான். ஆனால் ‘வழிகாட்டியுடன் பிளிட்விட்சே’ என்ற ஒரே விளம்பர வாசகத்துக்குப் பின்னால் இரண்டு மணி நேர நடையும் இருக்கலாம், ஆறு மணி நேர நடையும் இருக்கலாம். பூங்காவுக்குள் எத்தனை மணி நேரம், எந்தப் பாதை என்ற இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவருக்கு மட்டுமே இந்தப் பயணம் கொடுத்த காசுக்குப் பயனளிக்கும். கீழே வரும் குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதற்கானவை.

பூங்காவின் அமைப்பு

தலைநகரமான ஜாக்ரெப்புக்குத் தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், மலைக்காட்டுக்கு நடுவே இந்தப் பூங்கா இருக்கிறது. பெயர் சூட்டப்பட்ட ஏரிகள் 16. எல்லாவற்றுக்கும் மேலே உள்ள புரோஷ்சான்ஸ்கோ ஏரி கடல் மட்டத்திலிருந்து 636 மீட்டர் உயரத்திலும், கடைசியாக உள்ள நொவாகோவிச்சா புரோட் 503 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இடைப்பட்ட உயரத்தை நீர் ஒவ்வோர் ஏரியாக நிரம்பி, வழிந்து, அருவியாக விழுந்து கடக்கிறது. மேல் ஏரிகள் 12, கீழ் ஏரிகள் 4 என்று பிரித்துச் சொல்வார்கள். மேல் ஏரிகள் டோலமைட் பாறைமீது அமைந்தவை. அகன்று, மரங்கள் சூழ்ந்து, எண்ணற்ற சிறு அருவிகளோடு இருப்பவை. கீழ் ஏரிகள் சுண்ணாம்புப் பாறையில் ஆழமாக வெட்டப்பட்ட செங்குத்தான பள்ளத்தாக்குக்குள் கிடக்கின்றன. இரண்டு தொகுதிகளுக்கும் எல்லையாக இருக்கும் கொஸ்யாக், ஏரிகளிலேயே பெரியது. அதன் ஆழம் 46 மீட்டருக்கும் மேல்.

நாட்டிலேயே உயரமான அருவியான வெலிகி ஸ்லாப் (பெரிய அருவி), 78 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. ஏரிகளின் நீர்தான் அப்படி விழுகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பிளிட்விட்சா என்ற தனிச் சிற்றோடையின் நீர். ஏரிகளின் நீரும் அந்த ஓடையின் நீரும் அருவிக்குக் கீழே கலக்கும் இடத்தில்தான் கொரானா ஆறு தொடங்குகிறது.

இங்கே அணைகளை யாரும் கட்டவில்லை; நீரே கட்டிக்கொண்டது. சுண்ணாம்புப் பாறைகளின் ஊடாக வரும் நீரில் கால்சியம் கரைந்திருக்கிறது. அந்த நீர் பாறை விளிம்பில் மோதிச் சிதறும்போது கரியமில வாயு வெளியேற, கால்சியம் கார்பனேட் பிரிந்து பாசி, நுண்ணுயிர், விழுந்த கிளை என்று கிடைத்தவற்றின்மீது படிகிறது. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே பொருள்தான். இங்கே அது உயிருள்ள பாசியோடு சேர்ந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்ந்து, ஏரியையே தாங்கி நிற்கும் சுவராகிறது. இந்தச் சுவர் உறுதியானது போலத் தோன்றினாலும் துளைகள் நிறைந்தது. ஒருவர் காலை வைத்து அழுத்தினாலே உடைந்துபோகும். பூங்காவின் விதிகள் சிலருக்குக் கெடுபிடியாகத் தோன்றலாம்; அவை ஏறக்குறைய எல்லாமே இந்தச் சுவரைக் காப்பதற்காக எழுந்தவை.

ஏரிகளின் பரப்பு பூங்காவின் மொத்தப் பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுமார் 297 சதுர கிலோமீட்டர் பூங்காவில் பெரும்பகுதி காடு. பழுப்புக் கரடியும் ஓநாயும் லின்க்ஸ் என்ற காட்டுப் பூனையினமும் அதில் வாழ்கின்றன. சுற்றுலாப் பாதையில் கரடியைக் காண்போம் என்று எந்த வழிகாட்டியாவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம்.

எப்போது போவது

நமது பள்ளி விடுமுறைக் காலமும் இந்தப் பூங்காவின் மிகச் சிறந்த பருவமும் ஒன்றாக அமைந்திருப்பது நமக்கு வாய்த்த நல்லூழ் என்றே சொல்லலாம். கடலூரில் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில், அங்கே மலைப்பனி உருகி வந்த நீரால் அருவிகள் நிறைந்து விழும், இலைகள் துளிர்த்திருக்கும், கூட்டமும் கோடை உச்சத்தின் அளவுக்கு இருக்காது. ஏப்ரலிலும் நீர் நிறைய இருக்கும், ஆனால் குளிரும் மழையும் எதிர்பாராமல் வரும்.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பது நல்லது. நீர் குறைந்திருக்கும், மரப்பலகை நடைபாதையில் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்க நேரிடும், கட்டணமும் அப்போதுதான் மிக அதிகம். 2017இல் மட்டும் 17 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். அந்த நெரிசலைக் கண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு கவலை தெரிவித்தது. இப்போது குறிப்பிட்ட நேரத்துக்குச் சீட்டு வழங்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. தீபாவளியை ஒட்டிய அக்டோபரில் பீச் மரங்கள் செம்மஞ்சளாக நிறம் மாறுவதால் புகைப்படம் எடுப்பவர்கள் அந்த மாதத்தையே விரும்புகிறார்கள். பொங்கல் விடுமுறையில் போனால் உறைபனியையும் உறைந்த அருவியையும் காணலாம் என்றாலும், குளிர்காலத்தில் மேல் ஏரிகளின் பாதைகள் வழக்கமாக மூடப்பட்டிருக்கும். முதன்முறையாகப் போகிறவர்களுக்கு அது ஏற்றதல்ல.

விசாவும் தாள்களும்

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அவர்களின் அடையாள அட்டையே போதும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. எனவே, பாரிசில் உறவினர் வீட்டில் மூன்று வாரமும் குரோவாசியாவில் நான்கு நாளும் தங்குகிறவர் பிரான்சு விசாவுக்கும், பால்கன் பேக்கேஜில் குரோவாசியாவிலேயே பெரும்பாலான இரவுகளைக் கழிக்கிறவர் குரோவாசிய விசாவுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால், அவர் வசிக்கும் ஊரின் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) பெற்ற ‘அத்தெஸ்தாசியோன் தாக்கேய்’ என்னும் வரவேற்புச் சான்று தேவைப்படும். புதுச்சேரியில் இதைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பயணத் திட்டத்தைச் சமர்ப்பிக்கும்போது குரோவாசியாவில் தங்கும் நாள்களையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் இருக்க வேண்டும். கோடைக்கு முன்பு நேர ஒதுக்கீடு கிடைப்பதே கடினம் என்பதால் பிப்ரவரியிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது. பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

எந்த வகைப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வழிகள் இருக்கின்றன. நம் ஊரிலிருந்தே புறப்படும் குழுப் பேக்கேஜ் முதல் வழி. விமானம், விடுதி, இந்தியச் சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மொழி தெரியாத பெரியவர்களுக்கு இதுவே நிம்மதி. ஆனால் இத்தகைய பேக்கேஜ்களில் பிளிட்விட்சே பெரும்பாலும் ஜாக்ரெப்புக்கும் ஸ்பிளிட்டுக்கும் இடையிலான வழித்தங்கலாகவே வைக்கப்படுகிறது. காலையில் ஒரு நகரத்தில் பெட்டி கட்டி, மாலையில் மறு நகரத்தில் பெட்டி இறக்க வேண்டிய நாளில் பூங்காவுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஜாக்ரெப், சாடார், ஸ்பிளிட் ஆகிய நகரங்களிலிருந்து புறப்படும் ஒருநாள் சுற்றுலா. ஜாக்ரெப்பிலிருந்தும் சாடாரிலிருந்தும் சாலைப் பயணம் இரண்டு மணி நேரத்தை ஒட்டி இருக்கும். ஸ்பிளிட்டிலிருந்து இன்னும் அதிகம். ஆகவே ஒருநாள் சுற்றுலாவை ஸ்பிளிட்டிலிருந்து எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரமும் பூங்காவில் நடக்கும் நேரமும் சமமாகிவிடும்.

மூன்றாவது வழி, பூங்காவை ஒட்டியுள்ள முக்கினியே, யெசெர்ட்செ, ரஸ்தோவாச்சா போன்ற சிற்றூர்களில் ஓர் இரவு தங்கி, பூங்காவிலேயே முன்பதிவு செய்த வழிகாட்டியோடு காலையில் முதல் ஆளாக உள்ளே போவது. குடும்பமாக ஐந்தாறு பேர் போகும்போது இதற்கு ஈடாக வேறு எதையும் சொல்ல முடியாது. நகரங்களிலிருந்து வரும் பேருந்துகள் பத்து, பதினொரு மணிக்கு வந்து சேரும்போது நீங்கள் பாதிப் பாதையைக் கடந்திருப்பீர்கள்; நம் வீட்டுப் பெரியவர்களின் நடை வேகத்துக்கு வழிகாட்டியும் நடப்பார்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சுற்றுலாக்களில் பொதுவாக ஆங்கிலத்தில்தான் விளக்குவார்கள். ஆனால் புதுச்சேரியில் ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை ஆங்கிலக் குழுவில் சேர்த்துவிட்டுப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருப்பதைவிட, பிரெஞ்சு பேசும் வழிகாட்டியைக் கேட்டுப் பெறுவது நல்லது. பாரிசிலிருந்து புறப்படும் குரோவாசியச் சுற்றுப்பயணங்களில் பிரெஞ்சு வழிகாட்டியே உடன் வருவார்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. பூங்கா வாயிலுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை எத்தனை மணி நேரம்? ஒன்றாம் வாயிலா, இரண்டாம் வாயிலா? மேல் ஏரிகள், கீழ் ஏரிகள் இரண்டும் உண்டா, அல்லது கீழ் ஏரிகள் மட்டுமா? நுழைவுச் சீட்டு கட்டணத்துக்குள் அடங்குமா? வழிகாட்டி பூங்காவுக்குள் கடைசிவரை உடன் நடப்பாரா, அல்லது வாயிலில் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு ‘மூன்று மணிக்குப் பேருந்துக்கு வந்துவிடுங்கள்’ என்று அனுப்பிவிடுவாரா? குழுவில் எத்தனை பேர்? இவற்றில் மிக முக்கியமானது நுழைவுச் சீட்டு பற்றிய கேள்வி. பல ஒருநாள் சுற்றுலாக்களின் விலை மலிவாகத் தெரிவதற்குக் காரணமே சீட்டு அதில் சேராததுதான். சமீப ஆண்டுகளில் பெரியவர்களுக்கான ஒருநாள் சீட்டு குளிர்காலத்தில் சுமார் 10 யூரோவாகவும், ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் 23 யூரோவை ஒட்டியும், ஜூன் முதல் செப்டம்பர் வரை 40 யூரோவை ஒட்டியும் இருந்துவருகிறது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குக் கோடையில் இது சிறு தொகையல்ல. புறப்படுவதற்கு முன் பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொஸ்யாக் ஏரிப் படகுக்கும், பூங்காவுக்குள் பயணிகளை ஏற்றிச்செல்லும் உட்பாதை வண்டிக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை; அவை சீட்டிலேயே அடங்கியவை. யாராவது அவற்றுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் அந்த ஏற்பாட்டாளரை விட்டுவிடலாம்.

சீட்டில் நுழைய வேண்டிய நேரமும் வாயிலும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு வாயில்களுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவு இருப்பதால், தனியாக வருகிறவர்கள் தவறான வாயிலில் இறங்கினால் குறித்த நேரத்தைத் தவறவிட்டுவிடுவார்கள்.

பாதைகள்

பூங்கா நிர்வாகம் பாதைகளை எழுத்துகளால் பெயரிட்டிருக்கிறது. ஒன்றாம் வாயிலிலிருந்து தொடங்குபவை ஏ, பி, சி. இரண்டாம் வாயிலிலிருந்து தொடங்குபவை ஈ, எஃப், எச். எந்த வாயிலிலிருந்தும் தொடங்கக்கூடியது கே. பெயர்ப் பலகைகள் எல்லா இடங்களிலும் இருப்பதால், நீங்கள் எந்த எழுத்துப் பாதையில் போகிறீர்கள் என்பதை வழிகாட்டியிடம் தொடக்கத்திலேயே கேட்டு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் பிரிந்துபோனாலும் அந்த எழுத்தைப் பின்பற்றியே மற்றவர்களைப் பிடித்துவிடலாம்.

ஏ என்பது கீழ் ஏரிகளையும் பெரிய அருவியையும் மட்டும் காட்டும் குறுகிய சுற்று. இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அவசரப் பேக்கேஜ்கள் பெரும்பாலும் இதைத்தான் தருகின்றன. பி பாதையில் இதோடு கொஸ்யாக் ஏரிப் படகும் உட்பாதை வண்டியும் சேரும். நடை நான்கு கிலோமீட்டரை ஒட்டியது. சி, எச் இரண்டும் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் நடந்து, மேல் ஏரிகளையும் கீழ் ஏரிகளையும் முழுமையாகப் பார்க்கும் பாதைகள். நான்கு முதல் ஆறு மணி நேரம் வேண்டும். கே பாதை 18 கிலோமீட்டருக்கும் மேல். மலையேறிப் பழகிய இளைஞர்களுக்கு மட்டும்.

சி, எச் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடங்களையே காட்டினாலும் வேறுபாடு திசையில் இருக்கிறது. சி பாதையில் கீழிருந்து மேலே நடக்க வேண்டும். எச் பாதையில், இரண்டாம் வாயிலுக்கு அருகிலிருந்து உட்பாதை வண்டி உங்களை மேலே கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து நீர் போகும் திசையிலேயே இறங்கிவரலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் எச் பாதையே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. பெரிய அருவியைப் பார்த்த பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மேலே வரும் ஓர் ஏற்றம் மட்டும் கடைசியில் இருக்கும். அதற்கு முன் உட்கார்ந்து இளைப்பாறிக்கொள்ள நேரம் ஒதுக்கும்படி வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒன்றாம் வாயிலில் தொடங்குவதற்கும் ஒரு சிறப்பு உண்டு. உள்ளே நுழைந்த சில நிமிடங்களிலேயே பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து பெரிய அருவியும் கீழ் ஏரிகளும் ஒரே காட்சியாகக் கண்முன் விரியும். நேரம் மிகக் குறைவாக இருந்தால் அதற்காகவே அந்த வாயிலைத் தேர்ந்தெடுக்கலாம்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு இந்தப் பூங்காவின் பெரும்பகுதி எட்டாது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். படிக்கட்டுகளும் குறுகிய பலகைப் பாதைகளும் எங்கும் உண்டு.

உடை, காலணி, உணவு

நடைபாதையின் பெரும்பகுதி, மரத்தை நீளவாக்கில் பிளந்து வரிசையாக அடுக்கிய பலகைப் பாதை. பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். அதன் வழியே அடியில் ஓடும் நீர் தெரியும். சில இடங்களில் நீர் பலகையையே நனைத்துக்கொண்டு போகும். பெரும்பாலான இடங்களில் கைப்பிடி கிடையாது. ஆகவே செருப்பும் வழுக்கும் அடிப்பாகம் கொண்ட காலணியும் கூடாது. பிடிமானமுள்ள ஷூ வேண்டும். புடவைக் கரை இந்தப் பலகைகளில் நனைந்து, காலில் சுற்றிக்கொள்ளும் என்பதால் பெண்கள் அன்று ஒருநாள் சுடிதாரோ பேன்ட்டோ அணிவது பாதுகாப்பானது. மே மாதத்திலும் காலையில் குளிரும். மெல்லிய ஸ்வெட்டரும் மழைச்சட்டையும் பையில் இருக்கட்டும். குறுகிய பலகையில் எதிரே வருகிறவர்களுக்குக் குடை இடைஞ்சல். குழந்தை வண்டியை விடுதியிலேயே வைத்துவிடுங்கள்.

சைவ உணவுக்காரர்கள் கொஞ்சம் திட்டமிட வேண்டும். பூங்கா இருக்கும் லிக்கா வட்டாரத்தின் சமையல் ஆட்டிறைச்சி, டிரவுட் மீன், உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி என்று போகும். கொஸ்யாக் ஏரியின் வடகரைப் படகுத்துறைக்கு அருகே சிற்றுண்டிக் கடையும் உட்கார்ந்து உண்ண இடமும் உண்டு. அங்கே சைவமாக வறுத்த உருளைக்கிழங்குக்கு மேல் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பாரிசிலிருந்து போகிறவர்கள் புளிச்சோறும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போய்விடலாம். இந்தியாவிலிருந்து நேரே போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியையும் பால் பொருள்களையும் கைப்பையில்கூடக் கொண்டுபோகக் கூடாது. பால்கோவாவும் நெய்யும் சுங்கத்தில் பறிபோகும். சான்றிதழ் இல்லாத பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதிதான். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் சிக்கல் தராதவை.

பிரெஞ்சு செல்பேசிச் சிம் குரோவாசியாவிலும் கூடுதல் கட்டணமின்றி வேலை செய்யும். அவசர உதவிக்கு எண் 112.

உள்ளே நடந்துகொள்ளும் முறை

அருவியைக் கண்டால் குளிப்பது நமக்கு இயல்பு. குற்றாலத்துக்கும் ஒகேனக்கலுக்கும் போய் நனையாமல் திரும்பினால் போனதாகவே கணக்கில்லை. இங்கே எந்த ஏரியிலும் எந்த அருவியிலும் இறங்கக் கூடாது. காலை நனைப்பதும் அந்தத் தடைக்குள் அடங்கும். காரணத்தை முன்பே பார்த்தோம்: கரையோரத்து வெள்ளைப் படிவில் வைக்கும் கால், நீர் பல ஆண்டுகளாகக் கட்டியதை உடைத்துவிடும். குழந்தைகளுக்கு இதைப் பேருந்திலேயே சொல்லிப் புரியவைத்துவிட்டால் உள்ளே அடம் பிடிக்க மாட்டார்கள். மீன்களுக்கும் வாத்துகளுக்கும் உணவு போடக் கூடாது; பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் போகக் கூடாது; சொந்த டிரோனைப் பறக்கவிடவும் கூடாது. காட்டோரமாக நடந்தவர்கள் மாலையில் கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வழிகாட்டி முன்னால் நடக்கும்போது அவருக்கு அருகிலேயே இருக்க முயலுங்கள். பலகைப் பாதையில் குழு நீண்டுவிடும். பின்னால் வருகிறவர்களுக்கு விளக்கம் காதில் விழாது. அகன்ற இடத்தில் நின்றுதான் அவர் பேசுவார். பலகையின் நடுவே நின்று புகைப்படம் எடுப்பவர் பின்னால் வரும் ஐம்பது பேரை நிறுத்துகிறார் என்பதை மறக்கக் கூடாது. படகுத்துறையில் கோடைக் காலத்தில் வரிசை நீளும். மின்சாரத்தில் ஓடும் படகு என்பதால் சத்தமில்லாமல் நகரும். கொஸ்யாக்கின் நீளவாக்கில் போகும் அந்தப் பயணத்தில் சுற்றியுள்ள மலையைக் காண ஓர இருக்கை கிடைத்தால் நல்லது.

வழிகாட்டி காட்டாமல் கடந்துவிடக்கூடிய சிலவற்றை நீங்களே தேடிப் பார்க்க வேண்டும். ஏரிகளின் கரையோரத்தில் குனிந்து பார்த்தால், எப்போதோ விழுந்த மரம் ஒன்று நீருக்கடியில் முழுதாகக் கிடப்பது தெரியும். பட்டையின் கறுப்பு எங்கும் இல்லை. கிளை, சுள்ளி உட்பட எல்லாம் சாம்பல் கலந்த வெண்மையில், மாவு பூசியது போலக் கனத்துக் கிடக்கும். அதன்மேல் போகும் மீனின் நிழல் அந்த வெள்ளையில் மீனைவிடத் தெளிவாக விழும். அந்த மரம்தான் இன்னும் சில காலத்தில் அணையின் பகுதியாகப் போகிறது. மேல் ஏரிகளில் 28 மீட்டர் உயரமுள்ள வெலிகி பிர்ஷ்டாவாட்ஸ் அருவி, பாசி மூடிய அகன்ற பாறைமீது பல நூறு இழைகளாகப் பிரிந்து வழியும். என்னைக் கேட்டால், கூட்டம் மொய்க்கும் பெரிய அருவியைவிட இதுவே நின்று பார்க்கத் தகுந்தது. நீரின் நிறம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். கரைந்துள்ள தாதுக்களும், நுண்ணுயிர்களும், ஆழமும், வெயில் விழும் கோணமும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. காலையில் பச்சையாகப் பார்த்த ஏரியைப் பிற்பகலில் நீலமாகப் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

கீழ் ஏரிகளில் மில்கா டெர்னினா என்ற பாடகியின் பெயர் தாங்கிய அருவி ஒன்று உண்டு. ஓபரா அரங்குகளில் புகழ்பெற்றிருந்த அவர், 1897இல் ஜாக்ரெப்பில் நடத்திய கச்சேரியின் வருமானத்திலிருந்து இந்த ஏரிகளைப் பாதுகாக்கப் பணம் கொடுத்தார். அரசு இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1949 ஏப்ரல் 8 அன்றுதான். யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 1979இல். 1991 ஈஸ்டர் நாளில், யுகோஸ்லாவியா சிதறியபோது எழுந்த போரின் முதல் உயிர்ப்பலிகள் இந்த ஏரிகளின் அருகில்தான் நேர்ந்தன. 1992 முதல் 1997 வரை இந்தப் பூங்கா ஆபத்திலுள்ள பாரம்பரியக் களங்களின் பட்டியலில் இருந்தது. உள்ளூர் வழிகாட்டிகளில் சிலர் அந்த ஆண்டுகளைப் பற்றித் தாமாகவே பேசுவார்கள். சிலர் பேச விரும்ப மாட்டார்கள். அவர்களாகத் தொடங்கினால் கேட்டுக்கொள்ளலாம். நாமாகத் துருவிக் கேட்பது முறையல்ல.

மழை, திரும்பும் வழி

பெருமழைக்குப் பிறகு ஏரிகளின் மட்டம் உயர்ந்து பலகைப் பாதைகள் சில மூழ்கிவிடும். அன்று அந்தப் பகுதியை மூடிவிடுவார்கள். முந்தைய இரவும் புறப்படும் காலையும் பூங்காவின் இணையதளத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். குழுவோடு போகிறவர்கள், பாதை மூடப்பட்டால் மாற்றாக எதைக் காட்டுவார்கள் என்பதையும் முன்பு சொன்ன கேள்விகளோடு சேர்த்துக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஜாக்ரெப்புக்குத் திரும்பும் ஒருநாள் சுற்றுலாக்கள் வழியில் ஸ்லுன் என்ற ஊரின் ராஸ்தோக்கே பகுதியில் நிறுத்துவதுண்டு. பிளிட்விட்சேயில் பிறந்த கொரானா ஆற்றில் இன்னோர் ஆறு அருவிகளாக வந்து விழும் இடம் அது. நீரால் இயங்கிய பழைய ஆலைகள் அங்கே நிற்கின்றன. அரைமணி நேரம் போதும். பூங்காவில் கிடைக்க வேண்டிய நேரத்தைக் குறைத்துத்தான் அங்கே நிறுத்துகிறார்கள் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

குழுவின்றித் தங்கிப் பார்த்தவர்கள் நகரத்துக்குத் திரும்பப் பேருந்தையே நம்ப வேண்டும்; பூங்காவுக்கு ரயில் பாதை கிடையாது. பேருந்துகள் வாயில்களுக்கு அருகே நெடுஞ்சாலையிலேயே நின்று போகின்றன. கோடையில் அவை நிறைந்து வருவதால், திரும்பும் பயணத்துக்கும் முதல் நாளே இருக்கை பதிவு செய்து, எந்த வாயிலின் நிறுத்தத்தில் ஏறுகிறீர்கள் என்பதைச் சீட்டில் சரிபார்த்து, குறித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே சாலையோரத்தில் போய் நின்றுவிடுங்கள்.